கார்டை மாற்றாதே, கண்ணைத் திற!

நிறுத்து! அடுத்த கிராபிக்ஸ் கார்டுக்குக் காசு சேர்ப்பதை இன்றே நிறுத்து!

பழைய கார்டில் விளிம்பெல்லாம் ரம்பப் பல். மாற்றினாய். புதுக் கார்டிலும் அதே ரம்பப் பல்!

கேமில் ஓரடி நடந்தால் இலைகள் மினுமினுக்கின்றன. தூரத்து மின்கம்பி அறுந்து அறுந்து ஒட்டுகிறது. கம்பி வேலி நெளிகிறது.

உடனே என்ன சொன்னாய்? "என் ராசி அப்படி!"

பிறகு மானிட்டரைப் பழித்தாய். கேபிளைப் பழித்தாய். கடைசியில் வீட்டுக்கு வரும் கரண்டையே சந்தேகப்பட்டாய்!

கெட்ட கரண்ட் என்ன செய்யும் தெரியுமா? கணினியை அணைக்கும். திடீரென்று ரீஸ்டார்ட் ஆக்கும். பாகத்தையே சுட்டுவிடும். கட்டடத்தின் ஓரத்தை மட்டும் தேடிப்போய்ப் படிப்படியாக வெட்டுமா? வெட்டாது!

எச்.டி.எம்.ஐ. கேபிள் கெட்டால் திரை இருண்டு இருண்டு வரும். புள்ளிகள் தெறிக்கும். இலைகளை மட்டும் பொறுக்கி எடுத்து மினுக்காது!

கேட்கிறேன், பதில் சொல். செட்டிங்ஸ் பக்கத்தை ஒரு முறையாவது வரி வரியாகப் படித்தாயா?

"எல்லாவற்றையும் அல்ட்ராவுக்கு ஏற்றிவிட்டேனே" என்கிறாய். அது உழைப்பா? அது கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்துவது!

முதலில் எதிரியைப் புரிந்துகொள். 1920-க்கு 1080 திரையில் மொத்தம் 20,73,600 பிக்சல்கள். அவ்வளவுதான். கட்டம் போட்ட கணக்கு நோட்டில், கட்டங்களை முழுசாக நிரப்பியே ஒரு சாய்கோடு வரைந்து பார். படிப்படியாகத்தான் வரும்! கேமரா நகர்ந்தால் அந்தப் படிகளும் இடம் மாறும். பிக்சலை விட மெல்லிய கம்பி ஒரு ஃபிரேமில் சிக்கும், அடுத்த ஃபிரேமில் தப்பும். அந்தத் தப்பலும் சிக்கலும்தான் உன் கண்ணில் மினுமினுப்பு.

உனக்கு மட்டும் வந்த சாபமா இது? 1977-லேயே ஃபிராங்க்ளின் க்ரோ என்ற ஆய்வாளர் இந்த விளிம்புச் சிக்கலைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். 1983-ல் லான்ஸ் வில்லியம்ஸ், தூரத்துப் பரப்புகளின் மினுக்கலை அடக்க மிப்மேப் முறையைத் தந்தார். அரை நூற்றாண்டாக மூளைகள் மோதிக்கொண்டிருக்கும் சுவர் இது. நீ ஒரே மாலையில் சோர்ந்துவிட்டேன் என்கிறாய்!

சரி, வா. ஜி.டி.ஏ. 5 எடுத்துக்கொள். 2015-ல் கணினிக்கு வந்த அதே பதிப்பு. விளிம்பை மென்மையாக்கும் எம்.எஸ்.ஏ.ஏ. செட்டிங்கை 8 மடங்குக்கு ஏற்றினாய். ஃபிரேம்கள் சரிந்தன. மரமும் புல்லும் இன்னும் மினுக்குகின்றன. ஏன்?

எம்.எஸ்.ஏ.ஏ. பார்ப்பது முக்கோணங்களின் ஓரத்தை மட்டும்! இலை என்பது என்ன? ஒரு தட்டையான பரப்பு, அதில் ஓட்டை ஓட்டையாக வெட்டிய ஒரு படம். வேலியும் அப்படித்தான். அந்த ஓட்டையின் ஓரம் எம்.எஸ்.ஏ.ஏ.-வின் கண்ணுக்குப் பெரும்பாலும் படுவதே இல்லை. ஈரச் சாலையின் பளபளப்பும் படாது. பிரதிபலிப்புகளுக்கோ செட்டிங்ஸ் பட்டியலிலேயே தனி எம்.எஸ்.ஏ.ஏ. வரி இருக்கிறது. கவனித்தாயா?

எஃப்.எக்ஸ்.ஏ.ஏ. போட்டுப் பார்த்தாயா? அது முடிந்த படத்தின் ஓரங்களைத் தடவிவிடும். செலவு குறைவு. ஆனால் ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகத்தான் பார்க்கும். முந்தைய ஃபிரேமில் என்ன இருந்தது என்று அதற்குத் தெரியாது. அசைவில் பிறக்கும் மினுக்கலை அது எப்படி அடக்கும்?

அடக்குவது டி.ஏ.ஏ.! முந்தைய ஃபிரேம்களையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறது. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-ஐத் திறந்து டி.ஏ.ஏ.-வை அணைத்துப் பார், காடே கொதிக்கும். போடு, அமைதியாகும். விலை? கொஞ்சம் மங்கல், ஓடும் உருவத்துக்குப் பின்னால் கொஞ்சம் நிழல்வால். 2020-ல் வந்த டி.எல்.எஸ்.எஸ். 2-ம், 2022-ல் வந்த எஃப்.எஸ்.ஆர். 2-ம் இதே வேரில் வளர்ந்தவைதான்.

என் கட்சி இதில் தெளிவு. அசையாத மங்கலுக்குக் கண் பழகிவிடும். ஓயாத மினுக்கலுக்கு ஒருநாளும் பழகாது.

ஜி.டி.ஏ. 5-ன் அந்தப் பழைய பதிப்புக்கு வேறு வழி உண்டு. எம்.எஸ்.ஏ.ஏ.-வை இறக்கு. அட்வான்ஸ்டு கிராபிக்ஸில் ஃபிரேம் ஸ்கேலிங்கை ஏற்று. 1080 திரைக்கு 4கே அளவில் வரைந்து சுருக்கினால், ஒவ்வொரு பிக்சலுக்கும் 4 மாதிரிகள் கிடைக்கும். இலைக்கும் கிடைக்கும், வேலிக்கும் கிடைக்கும்! கார்டு திணறும். திணறினால் ஒரு படி குறை. புல்லின் தரத்தைக் குறைத்துப் பார்க்கவும் வெட்கப்படாதே!

"தொட்டால் கெட்டுவிடுமோ?" என்று பயமா? எதற்குப் பயம்? ரீசெட் பொத்தான் எதற்கு இருக்கிறது?

ஆனால் ஒரு நிபந்தனை. ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று! நான்கை மாற்றி, சரியானால் எதனால் சரியானது என்று எப்படிச் சொல்வாய்? ஒரு தாளை எடு. மாற்றியதை எழுது. கண்டதை எழுது. பலிக்காததையும் எழுது. பலிக்காத ஒவ்வொரு வரியும் ஒரு சந்தேகத்தைக் கொன்ற வரி!

முதல் சோதனை இதுதான். கேமுக்குள் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடு. அதை வேறொரு திரையில், பெரிதாக்காமல், அசல் அளவில் பார். அங்கேயும் ரம்பப் பல் இருக்கிறதா? குற்றவாளி கேமின் செட்டிங்ஸ் அல்லது டிரைவரின் செட்டிங்ஸ். அங்கே சுத்தமாக இருக்கிறதா? அப்படியானால் உன் திரைப் பக்கம் திரும்பு.

ஒரே ஒரு படம்! சந்தேகம் பாதியாகிவிட்டது. இதற்கா புதுக் கார்டு?

திரைப் பக்கம் என்றால், மானிட்டரின் சொந்த மெனுவைத் திற. ஷார்ப்னஸ் எங்கே நிற்கிறது? மேலே ஏற்றி வைத்திருந்தால் ஒவ்வொரு விளிம்பையும் அதுவே கீறிக்கொண்டிருக்கிறது! இறக்கு. டி.வி.யில் விளையாடுகிறாயா? இன்னும் சந்தேகப்படு. ஷார்ப்னஸை இறக்கு, உள்ளீட்டைப் பி.சி. மோடுக்கு மாற்று. விண்டோஸில் ரெசல்யூஷன் திரையின் சொந்த அளவுதானா? படத்திலேயே ரம்பப் பல் இருந்ததா? அப்படியானால் கேமில் ரெண்டர் ஸ்கேல் 100-க்குக் கீழே ஒளிந்திருக்கிறதா? டிரைவரிலும் கேமிலும் இரண்டு இடத்தில் ஷார்ப்பனிங் ஓடுகிறதா? யாரோ சொன்னார்கள் என்று எப்போதோ டிரைவரில் எல்.ஓ.டி. பயாஸை மைனஸில் வைத்தாயா? தூரத்துத் தரை மினுக்க அது ஒன்றே போதும். பூஜ்யத்துக்குக் கொண்டு வா. அனைசோட்ராபிக் ஃபில்டரிங் 16-ல் இருக்கட்டும்.

27 அங்குலத் திரையில் 1080 ரெசல்யூஷனா? ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 82 பிக்சல்தான். 24 அங்குலத்தில் அதுவே 92. பெரிய திரை வாங்கி முகத்தை ஒட்டி உட்கார்ந்தால் படிகள் தெரியாமல் என்ன செய்யும்? நாற்காலியைப் பின்னால் தள்ளு. அதற்குச் செலவே இல்லை!

இத்தனையும் முடித்த பிறகும் சில மினுக்கல் மிஞ்சும். சில கேம்களின் எஞ்சின் அப்படி. அது தோல்வியா? இல்லவே இல்லை! எது உன் கையில், எது கேம் செய்தவர் கையில் என்று அப்போது உனக்கே தெரியும். காசை வீணடித்தபோது அது தெரியவில்லையே!

இன்னுமா படித்துக்கொண்டிருக்கிறாய்? கேமைத் திற. வேலி ஓரமாய் நில். ஸ்க்ரீன்ஷாட் பொத்தானை அழுத்து!