பாதியில் நின்ற வேலை



நம் கூத்தாநல்லூரில் ஒரு துக்க வீட்டுக்குப் போய்வந்தால், திரும்பி வரும் வழியில் மூன்று விதமான பேச்சைக் கேட்கலாம். ஒருவர், "என்னத்தக் கொண்டு போகப்போறோம்? நாளைக்கு நம்ம கதையும் இதுதான். எதுக்கு இந்த ஓட்டம்?" என்பார். இன்னொருவர், "பொண்ணு கல்யாணம் முடியட்டும், மாடி எழுப்பிடலாம், சிங்கப்பூர்ல இருந்து ஒரேயடியா வந்துடலாம். அப்புறம் நிதானமா வாழலாம்" என்பார். விசுவாசிகளாகிய நம்மிடத்தில் மூன்றாவது பேச்சும் உண்டு. "நமக்குத்தான் பரலோகம் இருக்கே, இந்த உலகத்து வேலையில என்ன இருக்கு?"

இந்த மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான். முடிந்த வேலைக்குத்தான் மதிப்பு, பாதியில் நின்றது வீண் என்பதே அது. அதனால்தான் முதலாமவர் ஒன்றையும் தொடங்கமாட்டார். இரண்டாமவர் எல்லாவற்றையும் முடித்த பிறகே வாழ நினைக்கிறார். மூன்றாமவரோ இடையில் நிற்கப்போகிற வேலையைத் தொடுவானேன் என்று ஒதுங்கிக்கொள்கிறார். ஆனால் மரணம் நம் வேலை முடியட்டும் என்று காத்திருக்குமா? அப்படியானால் பாதியில் நிற்கும் வாழ்க்கைக்கு என்ன அர்த்தம்?

இதற்குப் பதில் தேடி வெகுதூரம் போகவேண்டாம். நம் டெல்டாவின் கடற்கரை ஊரான தரங்கம்பாடிக்குப் போனால் போதும்.

1706-ம் ஆண்டு ஜூலை மாதம் அங்கே ஒரு வாலிபர் கப்பலிலிருந்து இறங்கினார். ஜெர்மனியில் பிறந்த சீகன்பால்கு ஐயர். சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். வாலிபத்திலிருந்தே வியாதிக்காரர். உடம்பு முடியாமல் படிப்பே தடைப்பட்டது. "இந்த உடம்ப வச்சிக்கிட்டு அந்நிய தேசத்துல என்ன பண்ணமுடியும்?" என்று உட்கார்ந்திருக்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவரோ சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுத்து எழுதிப் பழகினார். 1708-ல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார். அதே வருஷம் தரங்கம்பாடிக் கோட்டையில் நான்கு மாதம் சிறையிலும் இருந்தார். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. பிறகு பழைய ஏற்பாட்டைத் தொடங்கி, ரூத்தின் புஸ்தகம் வரைக்கும் வந்தார். 1719 பிப்ரவரி 23-ம் தேதி மரித்துப்போனார். வயது 36. அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டையாகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அதிலேயே அடக்கம்பண்ணினார்கள்.

ரூத்துக்கு அப்புறம் எத்தனை புஸ்தகங்கள் இருக்கின்றன என்று நமக்குத் தெரியும். சங்கீதம் இல்லை, ஏசாயா இல்லை. வேலை பாதியில் நின்றது. கூட ஊழியம் செய்த கிருண்ட்லர் ஐயரும் அடுத்த ஆண்டே மரித்தார். ஆனால் 1719-ல், சீகன்பால்கு மறைந்த பிறகு, சூல்ச் ஐயர் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். அவர்தான் மிச்சமிருந்த பழைய ஏற்பாட்டை முடித்தார். இந்த இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை! பிறகு பப்ரிசியஸ் ஐயர் அதைச் செம்மைப்படுத்தினார். பவர் ஐயரும் அவரோடிருந்தவர்களும் மறுபடியும் உழைத்து 1871-ல் வேதாகமத்தைக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு நம் அம்மாமார் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசிக்கிற வேதம், பல பேருடைய பாதி வேலைகள் சேர்ந்து வந்ததுதான்.

"அவருக்கு இன்னும் முப்பது வருஷம் கிடைச்சிருந்தா?" என்று கேட்கத் தோன்றும். எசேக்கியா ராஜாவை நினைத்துப் பாருங்கள். மரணப்படுக்கையில் அழுது ஜெபித்தார். 15 வருஷம் கூடக் கிடைத்தது. அதற்குப் பிறகு பாபிலோனிலிருந்து ஆட்கள் வந்தபோது, தன் பொக்கிஷசாலை முழுவதையும் திறந்து காட்டிப் பெருமைப்பட்டார். நாட்கள் கூடியதனால் மட்டும் வாழ்க்கை நிறைந்துவிடாது.

இங்கே ஒரு கஷ்டமான கேள்வியையும் கேட்காமல் போகக்கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் மாண்டார்கள். அந்தப் பிஞ்சுகள் எந்த வேலையைத் தொடங்கினார்கள், எதைப் பாதியில் விட்டார்கள்? அது ஏன் நடந்தது என்று சுலபமாக ஒரு பதில் சொல்லி, பெற்ற வயிற்றைப் புண்படுத்த நமக்கு உரிமையில்லை. ஆனால் ஒன்று தெரியும். முடித்த வேலைதான் மனுஷனுடைய மதிப்பு என்றால், அந்தப் பிள்ளைகளுக்கு மதிப்பில்லை என்று ஆகிவிடும். எந்தத் தாயாவது அதை ஒத்துக்கொள்வாளா? மதிப்பு முதலில் வருகிறது, வேலை அப்புறம்தான் வருகிறது. சிருஷ்டித்தவர் அதை முன்னமே கொடுத்துவிட்டார். நாம் உழைத்து அதைச் சம்பாதிக்க வேண்டியதில்லை. ஆகவே வேலை பாதியில் நின்றுவிடுமோ என்று பயப்படாமல் நாம் தொடங்கலாம்.

இது நம் வயல்காட்டுக்குத் தெரியாத பாடம் அல்ல. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்து, தலைமுறையாய் வளர்த்த தென்னைகள் ஒரே ராத்திரியில் சாய்ந்தன. அதற்குப் பிறகும் வயதான பெரியவர்கள் குழி வெட்டிப் புதுத் தென்னம்பிள்ளை வைத்தார்கள். நாட்டுத் தென்னை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். "எனக்கு இளநி கிடைக்குமா?" என்று கணக்குப் பார்த்திருந்தால் ஒரு கன்றும் ஊன்றியிருக்கமாட்டார்கள்.

அப்படியானால் நாம் என்ன செய்வோம்?

ஒன்று, அடுத்தவர் கையில் எடுக்கிற மாதிரி வேலையை வைப்போம். குத்தகைக் கணக்கு, வாங்கின கடன், சபைப் பொறுப்பு எல்லாவற்றையும் எழுதி வைப்போம். தெரிந்த தொழிலை ஒரு வாலிபனுக்குக் கற்றுக்கொடுப்போம். "நான் இல்லைன்னா எதுவும் நடக்காது" என்று சொல்வதில் என்ன பெருமை?

இரண்டு, இதுதான் முக்கியம். வேறொருவர் நமக்காக முடிக்க முடியாத வேலையும் உண்டு. ரூத்துக்கு அப்புறம் உள்ளதை சூல்ச் ஐயர் முடித்தார். ஆனால் நீ உன் தம்பியிடம் கேட்கவேண்டிய மன்னிப்பை உன் மகன் கேட்க முடியுமா? வரப்புத் தகராறில் பத்து வருஷமாய்ப் பேசாத அண்ணனிடத்தில் பேசவேண்டியது யார்? மருமகளுக்குச் சொல்லவேண்டிய ஒரு நல்ல வார்த்தையை உங்களுக்குப் பதிலாக யார் சொல்லுவார்கள், அம்மா?

வீட்டைக் கட்டுங்கள், வயலை நடுங்கள், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள். முடியவில்லை என்றால் வேறு கைகள் வரும். உங்களால் மட்டும் ஆகக்கூடிய அந்த ஒரு காரியத்தையோ அறுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போடாதிருங்கள். இன்றைக்குச் சாயங்காலமே எழுந்து போங்கள்.

நம் நாட்களை வீணாக்காமல் நடத்த கர்த்தர் நமக்குக் கிருபை தருவாராக. ஆமென்.