தூண்டியவர்க்குப் பங்குண்டா?

தீமையைத் தம் கையால் செய்யாது தூண்டிவிட்டவர்க்கு அதில் பங்குண்டா? இவ்வினாவை நேர்வாளத்தைக் கொண்டு நாம் ஆராயலாம்.

குற்றாலச் சாரல் எட்டும் சுரண்டை வட்டாரத்தில், சித்த மருத்துவம் அறிந்தோர்க்கு நேர்வாளம் புதிதன்று. கடும்பேதி மருந்தாகிய அதனைச் சுத்தி செய்யாமல் அவர்கள் கையாளார். அதன் எண்ணெயில் போர்பால் எஸ்டர் என்னும் வேதிப்பொருள் உள்ளது. அது உயிரணுவுக்குள் புரோட்டீன் கைனேஸ் சி என்ற நொதியை நேரே தூண்டுகிறது என்பதை 1982இல் ஜப்பானின் கோபே பல்கலைக்கழகத்தில் நிஷிசுகா குழுவினர் கண்டறிந்தனர்.

அந்நொதியை எழுப்ப உடல் அனுப்பும் தூதுவன் டயசைல்கிளிசரால். சேதி சொன்னதும் அது விரைவில் மறைந்துவிடும். போர்பால் எஸ்டரோ அத்தூதுவனின் வேடத்தில் வந்து, அகலாது நின்று, ஓயாமல் ஏவுகிறது. சுண்டெலிகளின் தோலில் நேர்வாள எண்ணெயை மட்டும் தடவியபோது கட்டிகள் அரிதாகவே தோன்றின. வேறொரு நஞ்சால் முன்பே பழுதுற்ற தோலிலோ அவை பெருகின.

பழுது பிறிதொன்றால் வந்தது. தூண்டல் மட்டுமே இதனுடையது. எனினும் அத்தூண்டல் இன்றேல், பழுது பெரும்பாலும் உறங்கியே கிடந்திருக்கும். உறவினரிடையே ஆறாத மனத்தாங்கலை ஓயாது கிளறும் நாவும் இத்தகையதே. ‘நாம் சொன்னது மட்டும்தானே’ என்று தப்புதல் இயலாது. வேதிப்பொருளுக்கு அறிவில்லை, ஆதலால் குற்றமுமில்லை. நமக்கோ அறிவுண்டு, ஆதலால் கணக்கும் உண்டு.