கூர்ப்பும் அன்பின் வழியும்

திருகோணமலைப் பகுதியைச் சேர்ந்த எமதூருக்கு அன்புவழிபுரம் என்று பெயர். வலியது வாழும், மெலியது மாயும் என்பதே இயற்கையின் விதியென உரைப்போர்க்கு இப்பெயர் வெறும் மங்கலச் சொல்லாகவே தோன்றும். கூர்ப்புக் கொள்கையை அவர்கள் தம் கூற்றுக்குச் சான்றாகக் காட்டுவர். அச்சான்று அத்துணை உறுதியானதா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

சிக்கலான உறுப்புகள் படிப்படியாகக் கூர்ப்படைந்தமையைக் கண்ணாற் காண மனித ஆயுள் போதாது. ஆதலின் அறிஞர் சிலர் கணினிக்குள்ளேயே ஓர் உலகை அமைத்தனர். 1993ஆம் ஆண்டில் உருவாகத் தொடங்கிய அவ்வுலகின் பெயர் அவிடா. தம்மைத் தாமே படியெடுக்கும் கட்டளைத் தொடர்களே அங்கு வாழும் அங்கிகள். படியெடுக்கையில் நேரும் பிழைகளே விகாரங்கள். தருக்கச் செயலொன்றைச் செய்யவல்ல அங்கிக்குக் கணினியின் நேரம் கூடுதலாகக் கிட்டும். அதனால் அது விரைந்து பெருகும்.

லென்ஸ்கி, ஒஃப்ரியா, பென்னொக், அடாமி ஆகிய நால்வரும் இவ்வாய்வின் முடிவுகளை 2003இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். ஒன்பது தருக்கச் செயல்களுள் மிகக் கடினமானது, 50 குடித்தொகைகளுள் 23இல் தானாகவே தோன்றிற்று. எளிய செயல்களுக்குப் பரிசேதுமின்றி, அக்கடினமான செயலுக்கு மட்டுமே பரிசு வைத்தபோதோ, 50 குடித்தொகைகளுள் ஒன்றிலேனும் அது தோன்றவில்லை.

இன்னொன்றும் சிந்திக்கத்தக்கது. வெற்றிபெற்ற ஒரு மரபுவழியை ஆராய்ந்தபோது, அதன் 111 படிகளுள் 45 நன்மையானவை, 48 நன்மையும் தீமையும் அற்றவை, 18 தீமையானவை. தோன்றிய வேளையிற் கேடாயிருந்த விகாரங்கள் சில, பின்வந்த ஆற்றலுக்கு ஏறுபடிகளாயின. இன்றைய அளவுகோல் நாளைய பெறுமதியை அறியாது என்பது இதனாற் பெறப்படும். ஒரு பரீட்சையின் புள்ளியைக் கொண்டு ஒரு பிள்ளையை உதவாதவன் என ஒதுக்கும் வழக்கமுடைய நாம் இதனை எண்ணிப் பார்த்தல் தகும்.

ஆயினும் இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். நாளை பயன்படுவர் என்பதற்காகவே மெலியோரைத் தாங்குவோமாயின் அது வாணிகம், அன்பாகாது. தீமையான விகாரங்களுள் எத்தனையோ எதற்கும் படியாகாமல் மறைந்தொழிகின்றன. நாம் தாங்கும் மனிதருள்ளும் ஈடேதும் தர இயலாதோர் இருப்பர். அவர்களையும் தாங்குவதற்குக் கூர்ப்பு காரணம் கூறாது. தாங்காது விடுவதற்கும் அது நியாயம் வழங்காது.

கணினியுலகில் மெலிந்தது சில வேளை எஞ்சியது தற்செயலால். அங்கு எதுவும் எதனையும் தாங்கவில்லை. தெரிந்தே தாங்கும் ஆற்றல் மனிதர்க்கு உண்டு. ஆற்றலுண்டெனின் கடமையும் உண்டு. எம்மூருக்குப் பெயரிட்டோர் இயற்கையிடம் சான்று கேட்டிருக்கமாட்டார்கள். கேட்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை.