பழுதும் பொய்யும்

மட்டாஞ்சேரி யூதத் தெருவின் பழம்பொருட் கடையொன்றில் வாங்கிய மின்சாரக் கிதாருடன் இளைஞரொருவர் என்னிடம் வந்தார். ஆலை இயந்திரங்களோடு இருபதாண்டு பழகியவனல்லவா நான்! பூச்சு வெடித்து உரிந்திருந்தது. செய்தவர் பெயரும் அழிந்திருந்தது. "மூன்று மாத வாடகை பாக்கி, ஐயா. புதிதாய்ப் பூசி, 1966-ஆம் ஆண்டின் அமெரிக்கக் கிதாரென்று விற்றால் குற்றமா?" என்றார்.

கழற்றிப் பார்த்தோம். ஒலியளவுத் திருகின் பின்புறம் 1376633 என்றிருந்தது. 137 என்பது சி.டி.எஸ். என்னும் அமெரிக்கத் தொழிலகத்தின் குறி, 66 ஆண்டு, 33 வாரம். ஆனால் அது திருகின் வயதே. திருகை இடையில் எவரும் மாற்றியிருக்கலாம். கழுத்து பொருந்தும் குழியில், வெளியே தெரியாத இடத்தில், அசிட்டோன் நனைத்த பஞ்சை வைத்தோம், பூச்சு இளகிற்று. பாலியெஸ்டர் பூச்சு அவ்வாறு இளகாது. பழைய நைட்ரோசெல்லுலோஸாக இருக்கலாம். அறிந்தது இவ்வளவே, இதற்குமேல் ஒரு சொல் சேர்த்து விற்பினும் அது பொய்யே.

பழுது பார்ப்பது குற்றமன்று. இவ்வூர் அரண்மனையைப் போர்த்துகீசியர் 1555-இல் கட்டினர்; 1663-இல் டச்சுக்காரர் செப்பனிட்டனர். செப்பனிட்டவர் பெயரே நிலைத்தது, வேடிக்கைதான்! ஆயினும் கட்டியவர் யாரென்பதை எவரும் மறைக்கவில்லை. வாங்குகிறவனும் கடன்பட்டு வாங்குகிறவனாக இருக்கலாமே என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை.

உரிந்த ஓரங்களை மட்டும் ஒட்டவைத்து, கண்டதையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வைத்தார். பாதி விலைக்கே கேட்கிறார்களாம், இன்னும் விற்கவில்லை.