கணக்கில் ஒளிந்த பேதம்

சுவாமி விவேகானந்தர் அமெரிக்காவின் தென்பகுதிகளில் பயணம் செய்தபோது, நிறத்தைக் கண்டு அவரைக் கறுப்பினத்தவர் என்று எண்ணி, விடுதிக்காரர்கள் இடம்தர மறுத்ததுண்டு. தாம் இந்தியாவிலிருந்து வந்த துறவி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதவு திறந்திருக்கும். சுவாமிஜி சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று மேலைநாட்டுச் சீடர் ஒருவர் பின்னாளில் கேட்டபோது, பிறரைத் தாழ்த்தித் தாம் உயர்வதா, அதற்காகவா இவ்வுலகில் பிறந்தது என்ற பொருள்பட அவர் மறுமொழி கூறியதாக வாழ்க்கை வரலாறு தெரிவிக்கிறது. கறுப்பினச் சுமைதூக்கும் தொழிலாளி ஒருவர், தம் இனத்தில் இப்படியொரு பெரியவர் தோன்றியிருக்கிறாரே என்று பூரித்துக் கைகுலுக்க வந்தபோதும் சுவாமிஜி அவரைத் திருத்தவில்லை. சகோதரராகவே ஏற்று நன்றி கூறினார்.

இந்நிகழ்ச்சியைப் பணிவுக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். பணிவைவிட நுட்பமான ஒன்றும் இதில் இருக்கிறது. தாம் வேறு என்று நிரூபித்து உள்ளே செல்பவர், வெளியே நிறுத்தப்பட்டவருக்கு எதிரான விதியை ஒப்புக்கொண்டவராகிறார். அந்த விதி அப்படியே இருக்கும். ஒரு விதிவிலக்கு மட்டும் கூடியிருக்கும். சுவாமிஜி மறுத்தது அந்த விதிவிலக்கைத்தான்.

ரயில் பெட்டிகளில் வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் பிரித்து அமர்த்தும் சட்டம் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1896-இல். சுவாமிஜி மேலைநாடுகளில் தங்கியிருந்த காலம் அது. பள்ளிகளில் அப்பிரிவினை செல்லாது என்று அதே நீதிமன்றம் கூறுவதற்கு 1954 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. விடுதிகளில் நிறம்பார்த்துக் கதவடைப்பதை 1964-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அத்துடன் நோய் தீர்ந்ததா என்றால், இல்லை.

பெருங்காயம் வைத்திருந்த பாண்டத்தைக் கழுவிக் கவிழ்த்தாலும் வாசனை எளிதில் போவதில்லை. மனத்தில் படிந்த பழைய பதிவுகளைச் சம்ஸ்காரம் என்றும் வாசனை என்றும் நம் சாஸ்திரங்கள் கூறுகின்றன. எண்ணம் மறைந்த பிறகும் அதன் வாசனை செயலைத் தூண்டும். தனிமனிதருக்குச் சொல்லப்பட்ட இவ்வுண்மை நிறுவனங்களுக்கும் பொருந்தும். அவற்றின் சம்ஸ்காரங்கள் விதிப் புத்தகங்களிலும் படிவங்களிலும் கணக்கு வாய்பாடுகளிலும் படிந்திருக்கின்றன.

மருத்துவ உலகிலிருந்து ஓர் உதாரணம். சிறுநீரகம் எந்த அளவு வேலை செய்கிறது என்பதை, இரத்தத்திலுள்ள கிரியேட்டினினைக் கொண்டு ஒரு வாய்பாட்டின் மூலம் கணிக்கிறார்கள். 1999-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டுப் பரவலாகப் புழங்கிய வாய்பாட்டில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை ஏறத்தாழ 1.2-ஆல் பெருக்க வேண்டும் என்றிருந்தது. 2009-இல் வந்த வாய்பாட்டில் அவ்வெண் 1.159 ஆயிற்று. கறுப்பினத்தவருக்குத் தசை அதிகம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். பாட்டனோ பாட்டியோ ஒருவர் மட்டும் கறுப்பினத்தவராக இருந்தால் எந்த எண்ணால் பெருக்குவது? அக்கேள்விக்கு வாய்பாட்டில் விடை இல்லை.

விளைவைப் பாருங்கள். டயாலிசிஸ் தொடங்காத நோயாளிக்கு, மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் நாள் எண்ணப்பட வேண்டுமானால் இந்த அளவு 20 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். 18 என்று விடை வந்த வெள்ளையர் வரிசையில் சேர்ந்துவிடுவார். அதே வயதும் அதே இரத்தப் பரிசோதனை முடிவும் உள்ள கறுப்பினத்தவருக்கு 18 என்பது 20.9 ஆகிவிடும். காகிதத்தில் அவருடைய சிறுநீரகம் நலமாக இருக்கும், உடம்பில் இருக்காது.

இதில் யாருடைய வெறுப்பைச் சுட்டிக்காட்டுவது? பெருக்கியது கணினி. அறிக்கையில் கையெழுத்திட்ட மருத்துவர் அந்நோயாளியிடம் மிகுந்த பரிவுடையவராகவே இருந்திருக்கலாம். வெறுப்பு போய்விட்டது, பேதம் மட்டும் ஒரு தசம எண்ணாகத் தங்கியிருந்தது.

2021-இல் அமெரிக்காவின் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையும் சிறுநீரக மருத்துவர் சங்கமும் இணைந்து அமைத்த குழு, இனத்தைக் கேட்காத புதிய வாய்பாட்டைப் பரிந்துரைத்தது. பழைய முறையை உறுப்பு மாற்று வரிசைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2022-இல் முடிவாயிற்று. அத்துடன் விட்டிருந்தால் இக்கட்டுரையில் இதைச் சொல்ல வேண்டியதில்லை. 2023-இல் அடுத்த படியும் எடுக்கப்பட்டது. மருத்துவமனைகள் பழைய ஏடுகளைப் புரட்டி, இந்தப் பெருக்கலால் தாமதிக்கப்பட்டவர்களைக் கண்டறிந்து, அவர்கள் இழந்த காத்திருப்புக் காலத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பணிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் அதனால் வரிசையில் முன்னேறினர். ஒருவர் முன்னேறினால் வேறொருவர் பின்செல்ல வேண்டும். அவரும் நோயாளிதான், எந்தப் பிழையும் செய்யாதவர்தான். திருத்தம் என்பது யாருக்கும் வலிக்காத காரியம் என்று எண்ணுவது குழந்தைத்தனம்.

அனைத்துயிரிலும் உறைவது ஒரே ஆன்மா என்று நித்தமும் கூறும் நமக்கு ஓர் ஆபத்து உண்டு. அந்த மகாவாக்கியமே ஒரு திரையாகிவிடலாம். பரமார்த்தத்தில் பேதமில்லை என்று சொல்லிவிட்டால் வியவகாரத்தில் உள்ள பேதம் தானே கரைந்துவிடாது. காசி வீதியில் எதிர்ப்பட்டவரை விலகச் சொன்ன ஆதிசங்கரர், விலக வேண்டியது உடலா ஆன்மாவா என்று திருப்பிக் கேட்கப்பட்டதாக மரபு கூறுகிறது. அத்வைதத்தை நிலைநாட்டிய ஆச்சாரியரிடமே அக்கேள்வி கேட்கப்பட்டது என்பதை நம் முன்னோர் மறைக்காமல் போற்றி வந்திருக்கிறார்கள்.

2014 ஜனவரியில் டெல்லிக் கடைத்தெருவில், தம் தோற்றத்தைக் கேலி செய்ததை எதிர்த்த அருணாசலப் பிரதேச இளைஞர் ஒருவர் தாக்கப்பட்டு உயிரிழந்தார். மத்திய அரசு அமைத்த பேஸ்பருவா குழு, இனத்தின் பெயரால் இழிவுபடுத்துவோரைத் தண்டிக்கத் தனிச் சட்டப் பிரிவுகள் வேண்டும், வடகிழக்கின் வரலாறு பாடநூல்களில் இடம்பெற வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் ஆப்பிரிக்க மாணவர்களைக் கும்பல் தாக்கியது.

தாக்கியவர்கள் நாமல்லர் என்று கூறிவிடலாம். ஆனால் மிஸோ இளைஞருக்கும் நைஜீரிய மாணவருக்கும் 'வீடு காலியில்லை' என்று விடை கிடைக்கும் தெருக்களில் நாமும் குடியிருக்கிறோம். நம்மில் பலர் பள்ளிகளையும் மாணவர் விடுதிகளையும் நடத்துகிறோம். அவற்றின் விண்ணப்பப் பதிவேட்டை ஒருநாள் எடுத்து, பத்தாண்டுகளில் யாருக்கு இடம் கொடுத்தோம், யாருக்கு என்ன காரணம் கூறி மறுத்தோம் என்று பெயர் பெயராகப் படித்துப் பார்க்கலாம். தியானத்தில் புலப்படாத சில அங்கே புலப்படும். மறுக்கப்பட்டவரின் முகவரியும் பெரும்பாலும் அதே பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும்.