அலங்காரம் கலைந்த பின்

மும்பை மாட்டுங்கா ஆஸ்திக சமாஜம் கோயிலுக்கு வருகிறவர்களின் தட்டில் தேங்காய், பழம், துளசியோடு சில நாள் ஒரு பாஸ்போர்ட்டும் இருக்கும். விசா பதிந்து வந்ததும் முதலில் சுவாமி பாதத்தில் வைத்து வாங்கிக்கொள்வது இங்கே பல குடும்பங்களில் வழக்கம். செம்பூர் சேடா நகரில் படியேறி முருகனைப் பார்க்கப் போகிறவர்களிடமும் இதே வேண்டுதலைக் கேட்கலாம். கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகிறது, பையன் அங்கே, பெண் இங்கே. இனியாவது இருவரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். பாட்டி விபூதி பூசிவிட்டு, “போறேன்னு சொல்லாதே, போயிட்டு வரேன்னு சொல்லு” என்கிறாள். பேத்தியின் மனம் அதற்குள் விமானம் ஏறிப் பாதி வழி போய்விட்டிருக்கிறது.

பிரிவு முடியும் நாளை நாம் ஒரு தேதியாக நினைத்துக்கொள்கிறோம். டிக்கெட்டில் அச்சிட்ட தேதி. அன்றைக்குப் பிறகு ஏங்குவதற்கு ஒன்றுமிருக்காது என்று நம்புகிறோம். நம் பெரியவர்கள் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. காமத்துப்பாலில் கற்பியலின் முதல் அதிகாரமே பிரிவாற்றாமைதான். தலைவியின் கண் அழுகிறது, மேனி பசக்கிறது, பொழுது கண்டு இரங்குகிறாள், கனவில் தேடுகிறாள். இப்படியே அதிகாரம் அதிகாரமாகப் போகிறது. பிரிந்தவர் வந்து சேர்ந்த பிறகாவது ‘சுபம்’ என்று போட்டுவிட்டு எழுந்துவிடலாம். வள்ளுவர் எழவில்லை. புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்று மேலும் மூன்று அதிகாரங்கள் எழுதிவிட்டுத்தான் நூலை முடிக்கிறார். 1330 குறளின் முற்றுப்புள்ளி ஊடலுக்குப் பின் வரும் சந்தோஷத்தில் விழுகிறது. சேர்ந்திருப்பவர்களுக்கு இடையிலும் ஒரு தூரம் உண்டு, அதையும் கடக்கத்தான் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆண்டாள் கதையும் ஊர் விட்டு ஊர் போன கதைதான். மேகத்தைத் தூது விட்டாள், குயிலைக் கூவச் சொன்னாள், சங்கிடம் கேட்டாள், கனவில் கல்யாணம் செய்துகொண்டாள். நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களும் இந்தத் தவிப்பிலேயே நிற்கின்றன. பிறகு பெரியாழ்வார் மகளைப் பல்லக்கில் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப் போனார், அவள் அரங்கனோடு கலந்தாள் என்று குருபரம்பரை சொல்கிறது. கலந்த பிறகு அவள் பாடிய பாசுரம் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. மார்கழி விடியலில் திருப்பாவை கேட்கும்போதெல்லாம் எனக்கு இது தோன்றும். நமக்குக் கிடைத்ததெல்லாம் பிரிவு தந்த பாட்டு. சேர்ந்ததும் அவள் மௌனமாகிவிட்டாள்.

ஆண்டாளுக்குக் கிடைத்தது கலப்பது. மனிதர்களுக்குக் கிடைப்பது கூட இருப்பது. கூட இருப்பதில் அடுப்பு உண்டு, காய்ச்சல் உண்டு, வாடகை உண்டு, இரண்டு பேரின் இரண்டு விதமான தூக்கம் உண்டு.

தாராவியில் ஒரு பாட்டியிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர் அவர் கணவர். அந்தக் காலத்தில் ஆண்கள் முதலில் தனியாக வருவார்கள். ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் பொங்கல் வீட்டில் பாய் விரிக்க ஓரிடமும் இரண்டு வேளைச் சோறும் கிடைக்கும். தனி அறை என்று ஒன்று அமைந்த பிறகுதான் மனைவிக்குக் கடிதம் போகும். அதுவரை மணியார்டர்தான் கணவன். பாட்டிக்கும் அப்படி ஒரு கடிதம் வந்தது. ரயிலில் இரண்டு நாள். பம்பாய் அவருக்கு வேறு தேசம்: வேறு பாஷை, வேறு தண்ணீர், கடலிருந்தும் கண்ணில் படாத ஓர் ஊர்.

“ஊருக்கு வரும்போதெல்லாம் அவுக வெள்ளச் சட்ட போட்டுட்டு, சென்ட்டு பூசிட்டுத்தான் வருவாக தம்பி. இங்க வந்து பாத்தா, தோல் நாத்தம் அடிக்கிற பனியனோட நிக்காக. கை எல்லாம் வெடிச்சுக் கெடக்கு. ஒரு நிமிசம் யாரோ வேத்தாளுன்னு நெனச்சிட்டேன். அப்பொறம் வெந்நி வச்சுக் குடுத்தேன்.”

கோயிலில் அலங்காரத்தில் சுவாமியைப் பார்ப்பது ஒரு தரிசனம். பட்டும் பூவும் நகையும் களைந்து திருமஞ்சனத்தில் பார்ப்பது இன்னொன்று. திருமஞ்சனத்தில் கல்லின் வடு தெரியும், எண்ணெய்க் கருமை தெரியும், தேய்ந்துபோன விரல் தெரியும். பக்தர்கள் அதைப் பார்க்கத்தான் காத்திருந்து உள்ளே போகிறார்கள். பிரிந்திருக்கும் காலம் முழுக்க நாம் பார்ப்பது அலங்காரம். அன்றைக்குக் கடிதம், இன்றைக்கு வீடியோ கால். முகம் கழுவி, விளக்கைச் சரிசெய்து, நல்ல செய்தியைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு உட்கார்கிறோம். அதில் பொய் எதுவுமில்லை. அலங்காரமும் அன்பால் செய்வதுதான். ஆனால் பல மாதம் ஒரு முகத்தைத் தியானித்துவிட்டு, நேரில் போய் நிற்கும்போது வேறொரு முகம் கதவைத் திறக்கிறது. அந்த நிமிஷத்தில் மனம் சுருங்கினால் அது குற்றமில்லை. பாட்டிக்கும் சுருங்கியது. அடுத்த காரியமாக அவர் வெந்நீர் வைத்தார்.

இதே பம்பாயின் துறைமுகத்தில் 1919 மார்ச்சில் ஒரு கப்பலிலிருந்து கணித மேதை ராமானுஜன் இறங்கினார். 1914 மார்ச் 17 அன்று சென்னையில் இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர், ஐந்து வருஷம் கழித்து, ராயல் சொசைட்டியின் ஃபெல்லோவாகவும் நோயாளியாகவும் திரும்பியிருந்தார். வரவேற்க அம்மா கோமளத்தம்மாளும் தம்பியும் வந்திருந்தார்கள். அவர் கண் தேடிய மனைவி ஜானகி அங்கே இல்லை. பத்து வயதில் மணமானவர், கணவர் சீமைக்குப் போனபோது பதினைந்து நிரம்பாதவர். அந்த ஐந்து வருஷத்தில் அவர் சீமைக்குப் போகவில்லை, வீட்டார் இசையவில்லை. ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள்கூட வீட்டிலேயே நின்றுபோயின. கோமளத்தம்மாள் மகனுக்காக உயிரை விடத் தயாராக இருந்த தாய். அந்தத் தாயின் அன்பே இன்னொரு பெண்ணின் அன்புக்குக் கதவடைத்தது என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது. நம் வீடுகளிலும் இது நடக்கிறது, நல்லவர்கள் கையால்தான் நடக்கிறது.

கணவர் வந்த சேதியைத் தெரிந்துகொண்டு ஜானகி சென்னைக்கு வந்து சேர்ந்தார். அவர்களுக்குச் சேர்ந்தாற்போல் கிடைத்தது ஏறக்குறைய ஒரே ஒரு வருஷம். மெலிந்த உடம்பு, எரிச்சல், வலி, சிலேட்டை விடாத கை. ஜானகி நெஞ்சுக்கும் காலுக்கும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். நீ என்னோடு வந்திருந்தால் எனக்கு இந்த நோயே வந்திருக்காது என்ற பொருளில் ராமானுஜன் அவரிடம் சொன்னதைப் பல பத்தாண்டுகள் கழித்தும் அவர் மறக்கவில்லை. 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் ராமானுஜன் காலமானார். ஜானகிக்கு வயது இருபத்தொன்று.

அந்த ஒரு வருஷத்தை நான் குறைவானதாக நினைப்பதில்லை. ஐந்து வருஷம் கனவு கண்டதில் எதுவும் அதில் இல்லை. ஒரு மனிதர் உள்ளபடி முன்னால் கிடந்தார். இவர் உள்ளபடி பக்கத்தில் இருந்தார். தரிசனத்துக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

பிறகு ஜானகி பம்பாய்க்கே வந்தார், தம் சகோதரர் வீட்டுக்கு. இங்கே சில வருஷம் இருந்து தையல் கற்றுக்கொண்டார். 1930களின் தொடக்கத்தில் சென்னை திரும்பி, திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்தும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தும் சொந்தக் காலில் நின்றார். பெற்றோரில்லாத ஒரு பையனை எடுத்து வளர்த்தார். 1994 வரை வாழ்ந்தார். யார் மனைவி என்பதற்காகவே உலகம் அவரைத் தேடி வந்தது. ஆனால் அந்த எழுபத்துச் சொச்சம் வருஷத்தைத் தாங்கியதில் பம்பாயில் கற்ற ஊசி நூலுக்கும் பெரிய பங்கு உண்டு. சேர்ந்திருக்க ஆசைப்படுவது தன்னைத் தொலைப்பதற்கு அல்ல என்பதை அவர் வாழ்க்கையில்தான் படித்துக்கொண்டேன்.

இன்றைக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் தேவைப்படுகிறது. அமெரிக்காவுக்கு எச்-4 விசாவில் போகும் துணைவர் தொடக்கத்தில் அங்கே சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. கிரீன் கார்டு வழியில் அங்கே வேலை பார்க்கும் கணவனோ மனைவியோ ஒரு கட்டத்தைத் தாண்டினால் அனுமதி கேட்கலாம் என்ற விதி வந்ததே 2015இல்தான். ஜெர்மனி பல துணைவர்களிடம் புறப்படும் முன்பே ஏ1 நிலை ஜெர்மன் தேர்வைக் கேட்கிறது. காலா கோடாவில் மாக்ஸ் முல்லர் பவன் வகுப்பில், முதுகலை முடித்து வேலையும் பார்த்த பெண்கள், தம் பெயரைச் சொல்லவும் ரொட்டி என்ன விலை என்று கேட்கவும் ஒரு படிவத்தில் முகவரி நிரப்பவும் முதலிலிருந்து கற்கிறார்கள். இதைச் சிறுமை என்று யாரும் நினைக்க வேண்டாம். கற்ற அகந்தையை இறக்கி வைத்துவிட்டு அரிச்சுவடியில் உட்காருவதும் ஒரு பயிற்சிதான். அன்பு அதை விசா அலுவலகம் வழியாகவும் தருகிறது.

உங்கள் வீட்டிலிருந்து ஒரு பெண்ணோ பையனோ இப்படிப் புறப்பட்டால், நகைப் பெட்டியையும் ஊறுகாய் ஜாடியையும் கட்டும்போதே, அங்கே போய் என்ன செய்யப் போகிறாய், யாரோடு பேசப் போகிறாய் என்றும் கேளுங்கள். அவர்கள் எழுதுவது, பேசுவது எதையும் நடுவில் நின்று வடிகட்டாதீர்கள். முதல் மாதத்தில் ஒரு சண்டை என்று போனில் காதுக்கு வந்தால், பதற வேண்டாம். வள்ளுவர் அதற்கு மூன்று அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். அங்கே காத்திருக்கும் தம்பி, தங்கை யாராக இருந்தாலும் உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வருகிறவரை விருந்தாளி போல வைத்துக்கொள்ளாதீர்கள். வந்த அன்றைக்கே வீட்டுச் சாவி ஒன்றை அவர் கையில் கொடுங்கள். தபால் பெட்டியில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரையும் எழுதி ஒட்டுங்கள்.