வகுப்பறைதான் உங்கள் களம்!

சுங்கை ஊடாங்கில் பொழுது புலரும் முன்பே சாலை விழித்துக்கொள்ளும். ஒரு பக்கம் தெரெண்டாக் முகாமுக்குப் போகும் ராணுவ வண்டிகள். இன்னொரு பக்கம் பெட்ரோனாஸ் சுத்திகரிப்பு ஆலைக்கு விரையும் தொழிலாளர்கள். அந்த நெரிசலுக்குள் மடிக்கணினிப் பையும் திருத்தி முடிக்காத பயிற்சிப் புத்தகங்களுமாக, பாயா ரும்புட், அலோர் காஜா பக்கம் பள்ளிக்குக் கிளம்பும் இளம் ஆசிரியத் தம்பிகளே, தங்கைகளே, உங்களோடுதான் பேச வந்திருக்கிறேன்.

"இந்தக் காலத்து வாத்தியார்களுக்கு அந்தக் காலத்து அர்ப்பணிப்பு இல்லை." ஆசிரியர் அறையில், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், கோவில் திருவிழாவில்கூட இதைக் கேட்டிருப்பீர்கள். வாய்ச்சண்டைக்குப் போகாதீர்கள். தலைகுனியவும் வேண்டாம். பதில் சொல்ல உங்களுக்கென்று ஓர் இடம் இருக்கிறது. அதுதான் உங்கள் வகுப்பறை!

நீங்கள் எந்த வரிசையில் வந்து நிற்கிறீர்கள் என்று தெரியுமா? 1816இல் பினாங்கில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து வருகிறது அந்த வரிசை. ரப்பர்த் தோட்டங்களில் ஒற்றை அறையில் எல்லா வகுப்புகளையும் ஒருவராகவே நடத்திய வாத்தியார்கள் அதில் நிற்கிறார்கள். பகலில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி, மாலையில் லயத்து மக்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது என்று வாழ்ந்தவர்கள் அவர்கள். 1950களில் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது, பால்மரம் சீவிய கைகளும் வெள்ளி கொடுத்தன. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நிலைக்கட்டும் என்று கொடுத்த காசு அது. அந்த நம்பிக்கையின் வாரிசு நீங்கள்!

நாடு விடுதலை பெற்ற 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 500க்குச் சற்று மேல். நம் மலாக்காவில் 21. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீடமைப்புத் தாமான்கள் எழுந்தன, குடும்பங்கள் நகரத்துக்கு நகர்ந்தன. 150 பிள்ளைகளுக்கும் குறைவான பள்ளிகள் பல. சிலர் இதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். நீங்கள் விடாதீர்கள். 12 பிள்ளைகள் உள்ள வகுப்பில் 12 பேரின் கையெழுத்தும் பயமும் வீட்டு நிலைமையும் உங்களுக்கு மனப்பாடமாகிவிடும். 40 பேர் உள்ள வகுப்பின் ஆசிரியர் ஏங்கும் வரம் அது. அதைக் குறையென்று சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள்!

ஆறாவது கேள்வி

2017இல் கல்வி அமைச்சு கொண்டுவந்த பள்ளித் தர அளவீட்டின் நான்காம் தரத்தை நீங்கள் அறிவீர்கள். ஆசிரியர் திட்டமிடுகிறாரா, வகுப்பைக் கட்டுக்குள் வைத்திருக்கிறாரா, வழிகாட்டுகிறாரா, ஊக்கமூட்டுகிறாரா, மதிப்பிடுகிறாரா? ஐந்து கேள்விகள் உங்களைப் பற்றியவை. ஆறாவது பிள்ளையைப் பற்றியது: மாணவர் முனைப்போடு கற்கிறாரா? அந்த ஆறாவதில் தோற்றால் முதல் ஐந்தில் வாங்கிய புள்ளிகளால் யாருக்கு என்ன பயன்? கண்காணிப்பு நாளில் மட்டும் வண்ணப் பயிற்றுத்துணைப்பொருள், மற்ற நாளில் 'பக்கம் 42, எழுதுங்கள்' என்றால், ஏமாறுவது கண்காணிக்க வந்த அதிகாரியல்ல. நம் பிள்ளை!

அந்த ஆறாவதில் எப்படி வெல்வது? அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளைக் கூர்ந்து கவனித்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு விநாடிதான்! அதை மூன்று விநாடி அல்லது அதற்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, கூடுதல் பிள்ளைகள் வாய் திறந்தார்கள், 'தெரியாது' என்பது குறைந்தது.

நாளையே செய்து பாருங்கள். மூன்றாம் ஆண்டு வகுப்பில் "24 ரம்புத்தானை ஆறு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு எத்தனை?" என்று கேளுங்கள். முன்வரிசையில் இரண்டு கைகள் உடனே உயரும். யாரையும் கூப்பிடாதீர்கள். மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். பின்வரிசைப் பையன் மேசைக்கடியில் விரல் மடக்குவது அப்போதுதான் உங்கள் கண்ணில் படும். அவன் பெயரைச் சொல்லுங்கள். "நாலு, டீச்சர்." அந்தக் குரலை வெளியே கொண்டுவந்தது நீங்கள்! இதற்குச் செலவில்லை, சுற்றறிக்கை வேண்டாம், யார் அனுமதியும் தேவையில்லை.

நேர்மைதான் முதுகெலும்பு

2021இல் ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் தேர்வு ஒழிந்தது. இன்று வகுப்பறை மதிப்பீட்டின் ஆறு அடைவுநிலைகளைப் பதிவு செய்யும் அதிகாரம் உங்கள் விரல் நுனியில் இருக்கிறது. இதைவிடப் பெரிய நம்பிக்கையை ஒரு நாடு ஆசிரியர்மேல் வைக்க முடியாது. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு அறிக்கை அழகுக்காக நான்காம் நிலை போடுகிறவர், அவனுக்குக் கிடைக்கவேண்டிய உதவியைத் தன் கையாலேயே பறிக்கிறார். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். எழுதிவிட்டு, அவனை அடுத்த நிலைக்கு ஏற்றாமல் ஓயமாட்டேன் என்று உறுதி எடுங்கள். பணிப் பண்பு என்பது இதுதான்!

வேலைப்பளு இல்லையென்று நான் சொல்லவில்லை. இணையப் பதிவுகள், புறப்பாட நடவடிக்கை, நள்ளிரவிலும் ஒலிக்கும் வாட்சப் குழு எல்லாமே உண்மை. களைப்பு வரும். ஆனால் களைப்பு வேறு, கைவிடுவது வேறு. எல்லாப் பாடத்தையும் பிரமாதமாக நடத்த முடியாத நாளில் ஒரே ஒரு பாடத்தை உயிரைக் கொடுத்து நடத்துங்கள். தடுமாறினால் மூத்தவரிடம் போய், "அக்கா, இந்தப் பையனுக்கு உயிர்மெய் பிடிபடவில்லை, நீங்கள் எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். கேட்பவர் சிறுத்துப் போவதில்லை. அவரிடம் அனுபவம் இருக்கிறது, உங்களிடம் வேகம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் எந்தப் பிள்ளை பின்தங்கும்?

மே 16 ஆசிரியர் தினத்தன்று வாழ்த்து அட்டை வரும், பூ வரும். மற்ற நாள்களில் உங்களை நீங்களே நிமிர்த்திக்கொள்ள வேண்டும். பதவி உயர்வு தாமதமாகலாம், பாராட்டு வராமலே போகலாம். ஆனால் நீங்கள் வாசிக்கக் கற்றுக்கொடுத்த பிள்ளையிடமிருந்து அந்த வாசிப்பை எந்த அமைச்சும் எந்த அதிகாரியும் திரும்பப் பறிக்க முடியாது!

எழுங்கள், ஆசிரியரே! தயாரித்த பாடத்தோடு உள்ளே போங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழையுங்கள். கேளுங்கள், பொறுத்திருங்கள், மறுபடி கேளுங்கள். கடைசி வரிசைப் பிள்ளை பதில் சொல்லும்வரை உங்கள் பாடம் முடிந்ததாக ஒப்புக்கொள்ளாதீர்கள்!